நாலாவது ஆள் வரமாட்டான்

ஆகஸ்ட் 4, திங்கள்

வக்கீல் ஷமீலா மேடம் சொன்னதால் எழுதுகிறேன். "நாளைக்கு இது கோர்ட்டுக்குப் போனா, என்னைக்கு என்ன செஞ்சோம்னு கையால எழுதின குறிப்பு வேணும், வைரவன். நடந்ததை மட்டும் எழுதுங்க. உங்க கருத்து வேண்டாம்" என்றார். என் கருத்து வேண்டாம் என்று சொல்லாதவர்கள் யாரும் இதுவரை என்னோடு வேலை பார்த்ததில்லை. அதனால் வருத்தமில்லை.

நடந்தது இது. திருச்சி தில்லைநகரில் 'முதற்படி' என்ற செயலி. அரசுப் பணித் தேர்வுக்கு வீடியோ வகுப்பு. முதலாளி ஞானசேகர் சார் முன்பு அரசியலமைப்புப் பாடம் எடுத்தவர், தண்ணீர் கேட்டால்கூட "கவனிங்க" என்று தொடங்குவார். சந்தாதாரர்கள் ஒன்பதாயிரம் பேர். யாரோ வகுப்புகளைப் பதிவு செய்து டெலிகிராமில் போட்டுவிடுகிறார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டும். ஆனால் யார் படிக்கிறார்கள் என்பது எங்களுக்கே தெரியக் கூடாது.

ஏன் தெரியக் கூடாது? படிப்பவர்களில் பாதிப் பேர் ஒளிந்து படிக்கிறார்கள். மேனேஜருக்குத் தெரிந்தால் சீட்டு கிழியும். மாமியாருக்குத் தெரிந்தால் வேறு ஏதாவது கிழியும். அதனால் சார் விளம்பரத்தில் போட்டிருக்கிறார்: 'நீங்கள் படிப்பது எங்களுக்கே தெரியாது.' பாடம் நடத்துகிறவர் போடக்கூடிய வாசகமா சார் இது என்று கேட்டேன். கருத்து வேண்டாம் என்றார்.

என் முறை: வீடியோவைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் அ, ஆ என்று இரண்டு வகை செய்வேன். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, இயந்திரத்துக்குத் தெரியும். ஒரு சந்தாதாரருக்கு அ, ஆ, ஆ, அ என்று ஒரு வரிசை போகும். இன்னொருவருக்கு அதே வரிசை போகாது. வெளியே கசிந்த வீடியோவில் வரிசையைப் படித்தால் சந்தா எண் கிடைக்கும். எண்ணுக்குரிய பெயர் இரண்டு சாவி போட்ட பெட்டிக்குள் இருக்கிறது. நிஜப் பெட்டி இல்லை, கணிதப் பெட்டி. ஒரு சாவி எங்களிடம், மற்றது ஷமீலா மேடத்திடம். ஆதாரம் காட்டி அவரை ஒப்புக்கொள்ள வைத்தால், அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் பெயர் திறக்கும். யார் எந்த வகுப்பைப் பார்த்தார்கள் என்ற பதிவு அன்றன்றே அழிந்துவிடும். அழிக்கிற நிரல் நான் எழுதியது. இதைவிட நேர்த்தியான ஏற்பாடு எங்காவது இருந்தால் எனக்குச் சொல்லியனுப்பவும்.

இந்த அ, ஆ குறி அழியாமல் நிற்க வேண்டும் என்பதால், குறி போடத் தொடங்கிய இரண்டு மாசமாக வீடியோவின் அளவு இரண்டு மடங்காகிவிட்டது. சின்ன விஷயம்.

சட்டைகளை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கசிந்துவிட்டது! 'அடிப்படை உரிமைகள்', இரண்டு மணி நேர வகுப்பு, டெலிகிராமில் முழுசாக. சார் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நானும் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு ஒரு சின்ன ஆட்டம் போட்டேன். தீயணைப்பு வண்டி வாங்கி வைத்தவனுக்கு முதல் புகை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மதியம் வரை இயந்திரம் ஓடியது. ஒன்பதாயிரம் பேரின் வரிசையையும் கசிந்த வீடியோவின் வரிசையோடு பொருத்திப் பார்க்கும். பொருத்தம் எவ்வளவு இருந்தால் குற்றவாளி என்பதற்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதைத் தாண்டியவர் நிரபராதியாக இருக்கப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்.

முதல் ஓட்டத்தில் முடிவு தெளிவாக வரவில்லை. கோடு சரிசெய்யப்பட்டது. இரண்டாவது ஓட்டத்தில் ஒரே ஓர் எண்: 4417.

சார் தோளில் தட்டினார். "கவனிங்க, இதுதான் விஞ்ஞானம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். மதியம் தயிர்சாதம். ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கோர்ட் பக்கம், ஷமீலா மேடம் அலுவலகம். ஆதாரத்தை மின்னஞ்சலிலேயே அனுப்பியிருக்கலாம். பாதுகாப்புக் காரணங்களுக்காக நேரில் போனேன். நீலச் சட்டை.

மேடம் எல்லாப் பக்கத்தையும் படித்தார். என்னைப் போன்றவர்களின் அறிக்கையை யாரும் எல்லாப் பக்கமும் படிப்பதில்லை. எனக்கு வேர்த்தது.

"ஒருத்தர் தனியாத் திருடினா மாட்டுவாங்க, புரியுது. நாலஞ்சு பேர் அவங்கவங்க காப்பியைக் கலந்து ஒரே வீடியோவாக்கினா?"

"மூணு பேர் வரைக்கும் பாதுகாப்பு இருக்கு மேடம். மூணு பேர் கலந்தாலும் மூணுல ஒருத்தராவது கோட்டைத் தாண்டிடுவாங்க."

"நாலாவது ஆள் வந்தா?"

"வரமாட்டான் மேடம்."

"ஏன்?"

"நடைமுறையில அப்படி நடக்காது. ஒரு திருட்டு ரகசியத்தை நாலு பேர்கிட்ட நம்பிச் சொல்ற மனுஷன் யார் இருக்கா?"

மேடம் அறிக்கையை மூடி வைத்தார். "உங்களுக்கு ஃப்ரெண்ட்ஸ் எத்தனை பேர், வைரவன்?"

கேள்வி வழக்குக்குத் தொடர்பில்லாதது. அதைச் சொல்லவும் செய்தேன்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். நிபந்தனைகள்: பெயர் எங்கள் மூவரைத் தாண்டக் கூடாது. முதலில் நோட்டீஸ். பதில் சொல்ல அவகாசம். அதற்குப் பிறகுதான் எதுவும். பெயர் சகாயமேரி, புத்தூர்.

ஆகஸ்ட் 9, சனி

செயலிக்குள் எண் மட்டும் தெரியும் சந்தாதாரர் குழுவில் சார் அறிவிப்புப் போட்டுவிட்டார். 'நமது வகுப்பைத் திருடிய புத்தூர் ச. மேரி (பெண், விடுதி மாணவி) அறிவியல் முறையில் பிடிபட்டார். கணக்கு முடக்கப்பட்டது. மற்றவர்களுக்கு இது பாடம்.'

"சார், பேரு வெளிய போகக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"முழுப் பேரா போட்டேன்? முதலெழுத்தும் ஊரும்தானே."

"சார், அடிப்படை உரிமை நடத்தினவர் நீங்க."

"கவனி தம்பி. நடத்துனதே திருடு போயிருச்சுல்ல."

எனக்கும் அவர் மேல் கோபம்தான். ஆனால் 'அறிவியல் முறையில்' என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன் என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆடி மாசம். தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கி என் ஜன்னலுக்குள்தான் கட்டியிருக்கிறது. துணி துவைத்தேன். வேறு ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவில் முதலில் ஒரு வெள்ளைக் கோல் தட்டியது. பின்னாலேயே முப்பது வயசு சொல்லத்தக்க ஒரு பெண், மூச்சு வாங்க.

"முதற்படி ஆபீஸ்தானே? ரெண்டு மாடி ஏறினாத்தான் முதற்படியே வருது."

"ஆமா. நீங்க?"

"நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. பேரு சகாயமேரி. உங்க வீடியோவைத் திருடினவ நான்தான். எந்த வீடியோன்னு காட்டுங்க தம்பி, நானும் ஒரு தடவை பாத்துக்கறேன்."

சார் உள்ளேயிருந்து "கவனிங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கோலைப் பார்த்ததும் வார்த்தையை முழுங்கிவிட்டார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

நாற்காலி போட்டேன். அவர் உட்காரவில்லை. பிறவியிலேயே பார்வை இல்லை, ஒரு நிதி நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கிறார், படிப்பது அங்கே தெரியாது. எங்கள் செயலியில் 'ஒலி மட்டும்' என்ற பொத்தானைத்தான் பயன்படுத்துகிறார். "மத்த பட்டன் எதுவும் என்கிட்ட பேச மாட்டேங்குது. அதையும் யாராவது சரி பண்ணுங்க, நான் ஜெயிலுக்குப் போறதுக்குள்ள."

"வேற யாராவது உங்க போனை எடுத்து..."

"என் போன் திரையை எப்பவும் அணைச்சே வெச்சிருப்பேன். எனக்கு எதுக்கு வெளிச்சம்? அதுல திருடணும்னா கண்ணு தெரிஞ்சவங்கதான் தடுமாறணும்."

"இல்லீங்க, கணக்குப்படி பத்து லட்சத்துல ஒரு வாய்ப்புதான் தப்பாகறதுக்கு..."

"அப்ப அந்த ஒண்ணு நான்தான். வேற யாரு?"

பிறகுதான் உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "சனிக்கிழமை ராத்திரியிலேர்ந்து ரூம்ல நான் மட்டும். கூட இருந்த பொண்ணு பெட்டியோட வேற ரூமுக்குப் போயிருச்சு. மெஸ்ல என் பக்கத்துல நாற்காலி இழுக்கற சத்தமே கேக்கறதில்ல. இருபத்தி நாலாம் தேதி பரீட்சை. பாடத்தையும் பூட்டிட்டீங்க, வாயையும் பூட்டிட்டீங்க. என் பேரை எடுத்துவிடுங்க. இல்ல, நான் எப்படித் திருடினேன்னாவது சொல்லிக் குடுங்க."

சார் என் பக்கம் திரும்பினார். "இவங்க வீடியோ பார்க்கலன்னு நம்ம பதிவுல இருக்கும்ல?"

"அன்னன்னிக்கே அழிச்சிருவோம் சார். அதானே நம்ம பெருமை."

அவர் நிரபராதி என்று காட்டக்கூடிய ஒரே சாட்சியை நான்தான் தினமும் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டியிருக்கிறேன். நேர்த்தியாக.

இருந்தாலும் சொல்கிறேன்: கணக்கு பொய் சொல்லாது. எங்கோ ஏதோ விளக்கம் இருக்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஷமீலா மேடம் தொலைபேசியில். காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தும் கேட்டது. அறிவிப்புக்காகச் சாருக்குத் தனித் திட்டு, எனக்குத் தனித் திட்டு.

"கோடு சரிசெய்யப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்களே. யார் சரிசெஞ்சது?"

"அது... நிரல்ல ஒரு..."

"யார், வைரவன்?"

"நான்தான் மேடம்."

"எந்தப் பக்கம்?"

"கீழ."

"அதாவது, யாருமே தாண்டல. யாராவது தாண்டற மாதிரி கோட்டை இறக்கினீங்க."

ஆமாம். மொத்தமே அதுதான். ஒன்பதாயிரம் பேரை வரிசையில் நிறுத்தினால் யாராவது ஒருவர் முதலில் நிற்கத்தான் செய்வார். முதலில் நின்றதைத் தவிர 4417 வேறொன்றும் செய்யவில்லை. கருவி 'தெரியவில்லை' என்று நேர்மையாகச் சொன்னது. எனக்குத்தான் அந்தப் பதில் பிடிக்கவில்லை. கோட்டை இறக்கிய பிறகும் அந்தப் பத்து லட்சத்தை மட்டும் இறக்காமல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அவங்க பார்க்கலன்னு காட்ட வேற வழி இருக்கா? அவங்க வேற என்ன கேட்டாங்க, எப்பக் கேட்டாங்கன்னு எதுவும் எனக்கும் தெரியக் கூடாது, உங்களுக்கும் தெரியக் கூடாது."

இருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் திறக்கப் போன் ஒரு சாவி வாங்கும், அந்த எண்ணிக்கை போனுக்குள்ளேயே முத்திரையோடு இருக்கும். போனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: இதுவரை ஒரு வீடியோத் துண்டையாவது திறந்தாயா? ஆம், இல்லை. வேறு எதையும் அது சொல்லத் தேவையில்லை. ஒரே மதியத்தில் எழுதி முடித்தேன். பெயரைத் திறக்கும் முன்பே எழுதியிருக்க வேண்டியது.

ஆகஸ்ட் 13, புதன்

மேடத்தின் அலுவலகத்தில் சகாயமேரி அக்கா. (அவரே "அக்கான்னு சொல்லுங்க, மேடம்னா பயமா இருக்கு, அது நோட்டீஸ்ல வர்ற வார்த்தை" என்றார்.) போனை என்னிடம் தரவில்லை. "கேள்வியை அனுப்புங்க. பதில் சொல்றதை என் போன் பாத்துக்கும்."

அனுப்பினேன். திரையில் வருவதைப் படித்துச் சொல்லும் அவருடைய போன் படுவேகமாக எதையோ பேசியது. எனக்கும் மேடத்துக்கும் ஒன்றும் புரியவில்லை. அக்கா சிரித்தார். "இருங்க, உங்களுக்காக மெதுவாச் சொல்லச் சொல்றேன்." போன் மறுபடி, குழந்தைக்குச் சொல்வது போல: "வீடியோத் துண்டு, திறந்தது, எதுவும் இல்லை. முத்திரை சரி."

கணக்கை அங்கேயே திறந்துவிட்டேன்.

புத்தூருக்குப் பஸ்ஸில் கூடப் போனேன். ஆட்டோ வைக்கிறேன் என்றதற்கு, "பாவத்துக்குப் பரிகாரம் மீட்டர் போட்டா ஓடுது?" என்றார். ஜன்னலோரம் அவர், அடுத்தது நான்.

"அப்ப திருடினது ஒருத்தர் இல்லையா?"

"பல பேர் கலந்திருக்காங்க. மூணுக்கு மேல. ஏன் கலந்தாங்கன்னுதான் புரியல. ஒருத்தர் பதிவு பண்ணாலே முழு வகுப்பும் கிடைக்குமே."

"டேட்டா எங்க இருக்கு?"

"என்ன?"

"ஒரு நாளைக்கு ஒண்ணரை ஜிபி. ரெண்டு மாசமா உங்க வகுப்பு ஒண்ணு இறக்கினாலே அன்னிக்கு டேட்டா காலியாமே. எங்க விடுதிப் பொண்ணுங்க பதினோரு பேர் முறை போட்டுட்டாங்க. முதல் பத்து நிமிஷம் ஒருத்தி, அடுத்தது இன்னொருத்தி. அவங்கவங்க பாகத்தைத் திரையில ஓடவிட்டுப் பதிவு பண்ணி, போன்லேர்ந்து போனுக்கு மாத்தி, ஒட்டி, எல்லாரும் பாக்கறாங்க. பதினோரு பேரும் பணம் கட்டினவங்கதான். யாரோ ஒருத்தி ஊர்ல இருக்கற தம்பிக்கு அனுப்பியிருப்பா, அவன் டெலிகிராம்ல ஏத்தியிருப்பான். எனக்கு ஒலி மட்டும்தானே, டேட்டாவே ஆகாது. அதனால என்னைச் சேத்துக்கல."

பஸ் நின்றது. அவரும் நிறுத்தினார். தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"தம்பி. நீங்க இதை எங்கயும் எழுதக் கூடாது."

"அவங்களுக்காக நீங்க மாட்டியிருக்கீங்க. அது அவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உக்காந்திருக்காங்க."

"பயந்துட்டாங்க. எனக்கும் நல்லவ பட்டம் ஒண்ணும் வேண்டாம். நேத்திக்கே அவங்களைக் கூப்பிட்டு, எனக்கு எல்லாம் தெரியும்னு சொல்லிட்டேன். பட்டை வரைபடம், வட்டப் படம் இருக்கற கணக்கெல்லாம் யாராவது படத்தை வாயால சொன்னாத்தான் நான் போட முடியும். இப்ப பதினோரு பேரும் முறை வெச்சு வந்து சொல்லிக் குடுக்கறாங்க. பரீட்சை வரைக்கும் ஓடட்டும். நீங்க பிடிச்சுக் குடுத்தா எனக்கு யாரு படம் சொல்றது?"

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முன் சீட்டுப் பெரியவர் திரும்பி முறைத்தார்.

இந்த நோட்டு இனி மேடத்துக்குப் போகாது. அவருக்கு வேறு ஒன்று, நடந்ததை மட்டும், கருத்தில்லாமல். இது எனக்கு.

ரெண்டு மாசமா. வீடியோ அளவு இரண்டு மடங்கானதும் இரண்டு மாசமாகத்தான். அவர்களைக் கலக்க வைத்ததே திருடனைப் பிடிக்க நான் போட்ட குறிதான். சின்ன விஷயம் என்று எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பிறந்தநாள். வாழ்த்தியவர்கள்: அம்மா, வங்கி, பல் மருத்துவமனை.

மூன்று.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சார் கொடியேற்றி, அரசியலமைப்பைப் பற்றி அலுவலகத்தில் இருந்த ஐந்து பேருக்கும் உரையாற்றி, மிட்டாய் கொடுத்தார். பிறகு உள்ளே போனோம்.

"சார், திருத்தம் போடணும். அக்கா பேருல ஒண்ணும் இல்லைன்னு. பேரைப் போட்ட அதே குழுவில."

"போடலாம் தம்பி. திங்கக்கிழமை சென்னையிலேர்ந்து சினிமாக் கம்பெனிக்காரங்க உன் முறையைப் பாக்க வர்றாங்க. வாங்கினா நமக்கு வாழ்வு. அதுக்கப்புறம் போடலாம். பரீட்சை முடிஞ்சு போட்டாத்தான் என்ன?"

"பரீட்சைக்கு முன்னாடிதான் சார் போடணும். அவங்க தனியா உக்காந்து சாப்பிடறாங்க."

"கணக்கைத் திறந்துட்டோம்ல?"

"கணக்கு அவங்களுக்குத் தெரியும். விடுதிக்குப் பேருதான் தெரியும்."

அவர் பேச்சை மாற்றினார். "அப்ப யாரு செஞ்சது?"

இங்கேதான் என் வாய். "ஒருத்தர் இல்ல சார், பதினோரு பேர்..."

"பதினொண்ணுன்னு எப்படித் தெரியும்?"

"கணக்குப் போட்டேன்."

"கணக்கு தப்புன்னு இப்பத்தானேடா சொன்ன!"

இரண்டு சாவி போட்டுக் காப்பாற்றிய பெட்டி இருக்கிறது. என் வாய்க்கு ஒரு சாவிகூட இல்லை.

"இன்னும் ரெண்டு வகுப்பு வெளிய வந்திருக்கு" என்றார். "ஒரே கூட்டம்னா, எல்லாத்தையும் சேர்த்துப் போட்டா பதினோரு எண்ணும் வருமா, வராதா?"

வரும். நேற்றே யோசித்துவிட்டேன். எல்லா வகுப்பிலும் ஒவ்வொருத்தியும் அதே பத்து நிமிஷத்தைத்தான் பதிவு செய்கிறாள். மூன்று வகுப்பின் பாகங்களையும் சேர்த்தால் கோட்டை இறக்காமலேயே பதினோரு எண்ணும் வந்து நிற்கும்.

"வரும் சார். செய்யமாட்டேன்."

"ஏன்?"

"பதினோரு பேரும் பணம் கட்டினவங்க. ஒரு வகுப்புக்கு ஒரு நாள் டேட்டா போகுதேன்னு பங்கு போட்டிருக்காங்க. அந்த எடையை ஏத்தினவன் நான். வீடியோவைப் பாதியாக் குறைச்சுத் தர்றேன், ஒரு வாரம் குடுங்க. கலக்கறதுக்கே காரணம் இருக்காது. அப்புறமும் கசிஞ்சா அது திருட்டு. அப்பப் பிடிப்போம்."

"எப்படித் தெரியும் உனக்கு இதெல்லாம்? யாரு சொன்னா?"

பதில் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

சார் மிட்டாய்த் தாளை மடித்துக்கொண்டே இருந்தார். "திங்கக்கிழமை முடியட்டும்" என்றார் கடைசியில்.

ஆகஸ்ட் 16, சனி

அக்காவிடமிருந்து குரல்செய்தி. "தம்பி, கணக்கு திறந்ததுக்கு நன்றி. ஆனா வார்டன் இன்னிக்குக் கூப்பிட்டாங்க. பரீட்சை முடிஞ்சதும் ரூமைக் காலி பண்ணிக்கிறியாம்மான்னு கேட்டாங்க. ரொம்பப் பாசமாத்தான் கேட்டாங்க. திருத்தம் வருமா, வராதா? வராதுன்னா இப்பவே சொல்லுங்க. வேற இடம் தேடற வேலையைப் படிப்புக்கு நடுவுல வெச்சுக்கணும்."

வரும் என்று அனுப்பினேன். யாரைக் கேட்டு அனுப்பினேன்?

ஆகஸ்ட் 18, திங்கள்

சினிமாக் கம்பெனியிலிருந்து மூன்று பேர். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், அவருக்குத் தலையாட்டுபவர் இருவர். சார் என்னை 'எங்கள் மூளை' என்று அறிமுகப்படுத்தினார். செய்து காட்டினேன். எல்லாம் அழகாக ஓடியது. ஒரே ஓர் ஆள் திருடினால் என் கருவியைப் போல உலகத்தில் இல்லை.

வெள்ளைச் சட்டை கேட்டார்: "தம்பி, எங்க ஊர்ல திருடறவங்க கூட்டமாத்தான் திருடுவாங்க. எத்தனை பேர் சேந்தா இது தப்பாகும்?"

சார் மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தார். மெதுவாகத்தான்.

"நாலு பேர்" என்றேன்.

"அப்படி இதுவரைக்கும் ஆயிருக்கா?"

"ஆயிருக்கு சார். இந்த மாசம். கருவி தெரியலன்னு சொல்லுச்சு, நான் கோட்டை இறக்கினேன். பார்வையில்லாத ஒருத்தர் மேல வீடியோத் திருட்டுன்னு பேர் வந்துச்சு."

தலையாட்டிகள் ஆடுவதை நிறுத்தினார்கள். வெள்ளைச் சட்டை காப்பியை முடித்துவிட்டு, நல்லா இருந்தது என்றார். காப்பியைச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு சார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் சார் வருவதற்கு முன் குழுவில் போட்டுவிட்டேன்:

'ஆகஸ்ட் 9 அறிவிப்பில் குறிப்பிடப்பட்டவர் எந்த வகுப்பையும் திருடவில்லை. அவர் திருடவில்லை என்பது வக்கீல் முன்னிலையில் நிரூபணமாகிவிட்டது. கருவி யாரையும் காட்டவில்லை. முடிவு வேண்டும் என்ற அவசரத்தில் நான் அளவுகோலைத் தாழ்த்தினேன். இது இயந்திரத்தின் பிழை அல்ல. என் பிழை. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். - வைரவன், தொழில்நுட்பம்.'

பத்து மணிக்குச் சார் வந்தார். போனைப் பார்த்தார். என் மேஜைப் பொருள்களை எந்தப் பையில் போடுவது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"'என்பது', 'நிரூபணமாகிவிட்டது', ரெண்டும் தேவையில்லாம நீளுது. நிரூபிக்கப்பட்டது போதும்" என்றார். விடைத்தாள் திருத்துகிறவர் எங்கே போனாலும் திருத்துவார். பிறகு என் செய்திக்குக் கீழே அவரே ஒரு வரி சேர்த்தார்: 'பேரையும் ஊரையும் வெளியிட்டது என் பிழை. - ஞானசேகர்.'

"பாதி அளவு வீடியோ எப்ப வரும்?" என்றார்.

"ஒரு வாரம் சார்."

"மூணு நாள்."

"அஞ்சு."

"கவனி. நாலு." அறைக்குள் போய்விட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

ஷமீலா மேடம் அழைத்தார். புது நிபந்தனை: கோட்டை யாரும் தொட முடியாது, இரண்டு சாவி இல்லாமல். கோட்டையும் பெட்டிக்குள் போட வேண்டும். ஒத்துக்கொண்டேன். ஆவணத்தை நேரில் கொண்டு வரவா என்று கேட்டேன். மின்னஞ்சல் போதும் என்றார்.

கொஞ்சம் நிறுத்தி, "அந்த அறிவிப்பு நல்லா எழுதியிருந்தீங்க" என்றார்.

கருத்து சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

பாதி அளவு வீடியோ வெளியிட்டாயிற்று. மற்ற பொத்தான்களையும் பேச வைத்தாயிற்று. ஒரு பொத்தான் மட்டும் 'பொத்தான்' என்று மட்டுமே சொல்கிறது. நாளை சரி செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சாயங்காலம் அக்காவின் குரல்செய்தி. பின்னால் பாத்திரச் சத்தம், பேச்சுச் சத்தம், யாரோ சிரிப்பது. அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

"தம்பி, பரீட்சை முடிஞ்சுது. சுமார். கொஞ்சம் சுமாருக்கு மேல. வார்டன் ரூமைப் பத்திப் பேசறதில்ல. நீங்க திருத்தம் போட்டதுல எனக்கு ஒரு நஷ்டம், தெரியுமா? என் மேல இருந்த பழி போனதும், இனி நான் அவங்களைக் காட்டிக் குடுக்க மாட்டேன்னு எல்லாருக்கும் தைரியம் வந்துருச்சு. ரெண்டு பேர் மறுநாள்லேர்ந்தே படம் சொல்ல வரல. மீதிப் பேர் வந்தாங்க, நேத்து வரைக்கும். இன்னிக்குத் தாள்ல வட்டப் படம் ஒண்ணு வந்துச்சு. நான் சொல்லச் சொல்ல எனக்காகப் பரீட்சை எழுதினவங்க படத்தைப் படிச்சதுமே வந்துருச்சு விடை. வியாழக்கிழமை அதே மாதிரி ஒண்ணை ஒருத்தி மூணு தடவை சொல்லிக் குடுத்திருந்தா. அவ பயத்துல சொன்னாளா, பாசத்துல சொன்னாளான்னு எனக்குத் தெரியல. பக்கத்துலதான் உக்காந்திருக்கா, கேட்டாச் சொல்லிருவா. கேக்கல. எனக்குத் தெரிய வேண்டாம் தம்பி. சரி, சாப்பாடு வந்துருச்சு, வெக்கறேன்."